உள்ளே விட்ட துணி

கோவில்பட்டியில் என் அப்பா தையல் கடை வைத்திருந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், யூனிஃபார்ம் தைக்கப் பையன்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் சொல்வார்கள்: "வளர்ற பிள்ளைண்ணே, உள்ள துணி விட்டுத் தைங்க." அப்பாவும் டவுசரின் அடிப்பட்டியில் இரண்டு இன்ச், பின்னால் இடுப்பில் ஒன்றரை இன்ச் என்று உள்ளே விட்டுத் தைப்பார். அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். என்னதான் இஸ்திரி போட்டாலும் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு நின்றுவிடும். கோட்டை எண்ணினால் டவுசருக்கு எத்தனை வயசு என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கோட்டை நான் மறுபடி பார்த்தது ஸ்காட்லாந்தில், நாங்கள் இப்போது இருக்கும் அபர்டீனில், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் ஒரு சாரிட்டி ஷாப்பின் பின்பக்க ஸ்டாண்டில் தொங்கிய சின்னப் பையன் கில்ட் ஒன்றில். கில்ட் என்றால் இந்த ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த கம்பளி உடை. கரும்பச்சை, கருநீலம், கறுப்புக் கட்டம். ஊடே மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. நல்ல கம்பளி. மழையில் நனைந்த ஆட்டின் வாசனை லேசாக அடித்தது. பழக்கதோஷம், கையில் எடுத்ததுமே உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்த்தேன். அடி மடிப்புக்கு வெளியே இரண்டு கோடுகள். யாரோ ஒரு அம்மாவோ பாட்டியோ இரண்டு தடவை பிரித்து இறக்கியிருக்கிறாள். இன்னும் ஒன்றரை இன்ச் துணி உள்ளே மிச்சம் இருந்தது. விலை பதினெட்டு பவுண்டு. யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

யோசித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். அதற்கு முந்தைய வருஷம்தான் என் மகன் இனி ஜென்மத்துக்கும் கில்ட் போட மாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தான்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவரின் கல்யாணம். மாப்பிள்ளை இந்த ஊர்க்காரர். இங்கே கல்யாணம் என்றால் மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், சம்பந்திகள், மோதிரம் எடுத்து வரும் பொடியன் வரைக்கும் கில்ட்டில் வருவது சகஜம். எங்கள் பையனுக்கு அப்போது ஐந்து வயது. மணப்பெண்ணே ஆசைப்பட்டுக் கேட்டதால் அவனுக்கும் வாடகைக்கு எடுத்தோம். கடையில் கொடுத்த பையைத் திறந்தால் சாமி அலங்காரத்துக்கு எடுத்துவைத்த மாதிரி அத்தனை சாமான். கில்ட், குட்டைக் கறுப்புக் கோட்டு, வெயிஸ்ட்கோட், போ டை, முட்டி வரை ஏறும் கம்பளிக் காலுறை, அந்தக் காலுறையில் செருகித் தொங்கவிடும் ரிப்பன் துண்டுகள், கணுக்காலைச் சுற்றிக் கட்டும் நீளக் கயிறு வைத்த ஷூ, இடுப்புச் சங்கிலியில் தொங்கும் ஸ்போரன் என்கிற தோல் பை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது, அதனால் காசு, சாவி எல்லாம் அந்தப் பையில்தான். நம் ஆட்கள் மடியில் முடிந்துகொள்வதை இவர்கள் சங்கிலி போட்டு முன்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அவன் கேட்ட முதல் கேள்வி, "இது ஸ்கர்ட்தானே?"

"இல்லடா கண்ணா, கில்ட்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

என்னிடம் பதில் இல்லை. எல்லா அங்கிளும் போட்டிருப்பாங்க பாரேன் என்று சமாளித்தேன். போட்டுக்கொண்டான். பிரச்சினை அதற்கப்புறம்தான். உட்காரும்போது பின்னால் மடிப்பு கசங்காம உட்காரு. ஜூஸ் வேண்டாம், தண்ணி குடி. தரையில உட்காராதே. திருப்பிக் குடுக்கணும்டா, கறை பட்டா டெபாசிட் போயிரும். அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. சாப்பாடு முடிந்து கேய்லி நடனம் தொடங்கியது. வட்டமாக நின்று கைகோத்துச் சுற்றும் கூத்து அது. தெரியாதவனையும் இழுத்துவிட்டு ஆடவைப்பார்கள். மற்றப் பொடியன்களெல்லாம் சட்டை வெளியே வந்து, காலுறை கணுக்காலுக்கு இறங்கி, வழுக்கி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் நாற்காலி நுனியில், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். வீடு வந்ததும் இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் உரித்துப் போட்டான். சபதம் அப்போதுதான்.

அந்தக் கல்யாணத்தில் எடுத்த அவன் படத்தைச் சுவரில் மாட்டும்போதுதான் கவனித்தேன். பக்கத்திலேயே இன்னொரு படம். கோவில்பட்டியில் என் தம்பி கல்யாணத்தில் எடுத்தது. இவனுக்கு மூன்றரை வயது, வெல்க்ரோ ஒட்டிய பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு. அதிலும் அதே முகம், அதே விறைப்பு. அங்கேயும் நான் அதே பல்லவிதான் பாடியிருப்பேன்: அழுக்காக்கிடாதே, ஐஸ்க்ரீம் சிந்தாதே, மண்ணுல உட்காராதே. இரண்டு படத்திலும் துணி ஃபோட்டோவுக்குச் சொந்தம். பிள்ளை அதை மாட்டும் ஹேங்கர்.

இந்த விஷயத்தில் என் மகனுக்கு ஒரு பெரிய இடத்து முன்னோடி உண்டு. 1863 மார்ச்சில் விண்ட்ஸரில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனுக்குக் கல்யாணம். மகாராணியின் மூத்த மகள் வயிற்றுப் பேரன் வில்ஹெல்ம் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தான். நாலு வயது. அவனுக்கு ஹைலண்ட் என்கிற ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் கில்ட் உடையை மாட்டி, ஒரு விளையாட்டுக் குறுவாளையும் செருகி விட்டிருந்தார்கள். சர்ச்சில் சடங்கு நீண்டுகொண்டே போகப் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 18 வயதுத் தாய்மாமன் ஆல்ஃபிரட்டுக்கு. அதட்டினார். மருமகன் குறுவாளை உருவிவிட்டான். பிடித்து அமுக்கப் பார்த்த மாமன் காலைக் கடித்தும் வைத்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் கெய்சராக, அதாவது பேரரசராக, இருந்தவர் இந்தப் பிள்ளைதான். கில்ட் போட்டதால் அப்படி ஆனார் என்று நான் சொல்லவில்லை. நாலு வயசுப் பிள்ளையைப் பொம்மை மாதிரி அலங்கரித்து மணிக்கணக்கில் நிற்கவைத்தால் கடிக்கத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்குக் கில்ட் மாட்டி அழகு பார்க்கும் பழக்கம் பெரிய வீடுகளில் பரவியதில் விக்டோரியாவுக்குப் பங்கு உண்டு. எங்கள் ஊரிலிருந்து டீ (Dee) நதியை ஒட்டி மேற்கே 80 கிலோமீட்டர் போனால் பால்மோரல். 1848-ல் அந்த எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்து, 1852-ல் விலைக்கே வாங்கினார்கள். ராஜா வீட்டுப் பையன்கள் கில்ட் போட்டால் ஊரில் வசதிப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்காட்லாந்துப் பக்கம் தலைவைத்தே படுக்காத குடும்பங்களும் மகன்களுக்குக் கில்ட் தைத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போயின. இதே குடும்பத்தின் இன்னொரு உபயம் மாலுமி உடை. 1846-ல் வின்டர்ஹால்ட்டர் என்ற ஓவியர் மாலுமி உடையில் குட்டி இளவரசனை வரைந்தார். அந்த அகலக் காலரை அப்புறம் உலகத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பையன்கள் நாலைந்து வயது வரை, சில வீடுகளில் அதற்கு மேலும், கவுன்தான் போட்டிருந்தார்கள் என்பது இங்கே வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். ஒன்றுக்கு வந்தால் தூக்கிவிட்டால் போதும், வளர்ந்தால் அடியை இறக்கினால் போதும். முதல் கால்சட்டை போடும் நாள் வீட்டில் ஒரு விசேஷம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டரை வயதில், 1884-ல், வெள்ளைக் கவுனும் நீள முடியுமாக உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. நம் ஊரில் மட்டும் என்ன? ஆண்பிள்ளைக்கு முதல் மொட்டை போடுமுன் பாவாடை கட்டி, சடை பின்னிப் பூவைத்துப் படம் எடுக்காத வீடு எத்தனை? என் தம்பிக்கு எடுத்தது இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அவன் மனைவி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள அவன் படும் பாடு தனி.

சரி, கில்ட்டுக்கு வருவோம். வாங்கி வந்த அன்றே வாட்ஸாப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். அப்பாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. ஃபோனை மூக்குக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, கட்டம் போட்ட கைலியா?"

"கில்ட்ப்பா. இந்த ஊர் ஆம்பளைங்க போடுறது."

"பின்னால காட்டு. எத்தனை கொசுவம்?"

எண்ணினேன். பதினெட்டு. முன்னால் மடிப்பே இல்லாமல் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருகின்றன. மடிப்பு முழுக்கப் பின்னால்தான். ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் அந்த மஞ்சள் கோடு வரும்படி மடித்திருந்தது. இடுப்பிலிருந்து பிட்டம் வரை கையால் தைத்து இறுக்கி, அதற்குக் கீழே விசிறி மாதிரி விரியவிட்டிருந்தது. இடது இடுப்பில் பொத்தான் ஓட்டை மாதிரி ஒரு திறப்பு. உள்பட்டையின் தோல் வார் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். அப்பா ஃபோனை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உட்கார்றவனுக்குத் தைச்சது இல்லம்மா. மலை ஏறுறவனுக்குத் தைச்சது. முன்னால தடுக்காது, பின்னால எட்டு வைக்க வைக்க விரியும்."

ஸ்காட்லாந்துக்கே வராத மனிதர் சரியாகத்தான் சொன்னார். இன்றைக்கு நாம் பார்க்கும் கில்ட்டுக்கு மூத்தது ஒரு முழுநீளக் கம்பளித் துணி. ஐந்து கஜம் வரும், அதாவது ஏறக்குறைய நம் சேலை அளவு. தரையில் பெல்ட்டை விரித்து, அதன்மேல் துணியை விரித்து, கையால் கொசுவி, அதில் படுத்து, சுற்றிக்கொண்டு பெல்ட்டை இறுக்கி எழுந்திருப்பார்களாம். இடுப்புக்குக் கீழே கில்ட்; மீதித் துணி தோளுக்கு. மழைக்கு முக்காடு, ராத்திரிக்குப் போர்வை. கம்பளி நனைந்தாலும் உடம்புச் சூட்டை விடாது. சதுப்பு நிலத்தில் முட்டிக்குக் கீழே துணி இல்லாவிட்டால் சேற்றில் இறங்கி ஏறுவது சுலபம். நம் ஆட்கள் வயலுக்குள் இறங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் தனியாகத் தைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இதைச் செய்தது இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் ராலின்சன் என்ற இரும்பாலைக்காரர்தான், வேலையாட்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று வெட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். யார் வெட்டியிருந்தாலும் வேலைக்காக வெட்டியது.

அப்புறம் தடை. 1746 ஏப்ரல் 16-ல் இன்வெர்னஸ் பக்கத்தில் கல்லோடன் என்ற இடத்தில் ஹைலண்ட்காரர்களின் கலகத்தை அரசாங்கப் படை ஒரேயடியாக நசுக்கியது. அதே வருஷம் வந்த சட்டம், 1747 ஆகஸ்ட் 1 முதல் ஹைலண்ட் உடை உடுத்தக் கூடாது என்றது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் ஜெயில், இரண்டாம் தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல். அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு சொல். ஆண்கள் என்பதோடு விடாமல், 'ஆணோ பையனோ' என்று எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது, பையன் போடாவிட்டால் முப்பது வருஷத்தில் கேட்க ஆள் இருக்காது என்று. ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் தடையை எடுத்தார்கள். முப்பத்தைந்து வருஷம். அதற்குள் தினப்படி உடுத்துகிற பழக்கம் பல இடங்களில் அற்றுப்போயிருந்தது.

திரும்பி வந்தபோது அது வேஷமாக வந்தது. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியில் இருக்கும் ராஜா ஒருவர் ஸ்காட்லாந்துக்கு வந்து 170 வருஷம் ஆகியிருந்தது. விழாவை ஏற்பாடு செய்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். ராஜா 1,354 பவுண்டுக்கு ஹைலண்ட் உடை தைத்துப் போட்டுக்கொண்டு, முட்டி தெரியாதபடி உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுடையும் மாட்டியிருந்தார். ஊரே சிரித்தது, ஊரே பின்பற்றவும் செய்தது. வாடகைக் கடைப் பையில் என் மகனுக்கு வந்து சேர்ந்தது அந்த 1822-ன் வாரிசு என்றுதான் எனக்குப் படுகிறது. சாரிட்டி ஷாப்பில் கிடைத்தது வேறு வம்சம்.

வாங்கி வந்ததை அவனிடம் காட்டவில்லை. பக்கிளை இரண்டு இன்ச் உள்ளே தள்ளித் தைத்தேன். அவன் ஜாக்கெட் மாட்டும் கொக்கியில், அவன் கைக்கு எட்டும் உயரத்தில், தொங்கவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. என் குணத்துக்கு அதுதான் பெரிய தவம். பத்து நாள் அது அங்கேயே கிடந்தது.

பதினொன்றாம் நாளோ என்னவோ, சனிக்கிழமை, டைனோசர் டி-ஷர்ட்டுக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு, ஃபுட்பால் காலுறை, ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு குச்சியோடு வந்து நின்றான். குச்சி வாளாம். வாளைச் செருக பெல்ட் வேண்டும், பெல்ட்டுக்குக் கில்ட் தோது. அவ்வளவுதான் காரணம். பாரம்பரியம், கலாசாரம், ஸ்காட்லாந்தின் ஆன்மா ஒன்றும் இல்லை. இப்படியா போடுவது, பூட்ஸைக் கழற்று, சட்டையை மாற்று என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

டீ நதிக்கரையில் போய் இடுப்பு வரை சேறாகித் திரும்பினான். மாடிப்படியில் பக்கத்து வீட்டுத் தாத்தா பார்த்துவிட்டார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், இளவயதில் ராணுவத்தில் இருந்தவர். "ஃபிட் லைக், லூன்?" என்றார். இந்த வட்டாரப் பேச்சில் எப்படி இருக்கிறாய் பையா என்று அர்த்தம். வந்த புதிதில் என் பிள்ளையை லூசு என்கிறாரோ என்று இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சேற்றைப் பார்க்கவில்லை, மஞ்சள் கோட்டைப் பார்த்தார். "கோர்டன்!" என்றார். அபர்டீன்ஷயரின் கோர்டன் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவுக்கு உரிய கட்டம் அது. 1794-ல் கோர்டன் பிரபு திரட்டிய படை. 1994-ல் வேறொரு பிரிவோடு இணைத்துவிட்டார்கள்.

நான் அவசரமாகக் கில்ட்டை அலச வேண்டும் என்றேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். ஈரச் சேற்றைத் தொடாதே, தேய்த்தால் கம்பளிக்குள் போய்விடும். காயவிடு, நாளைக்குப் பிரஷ்ஷால் தட்டு. அப்படியே செய்தேன். மறுநாள் பால்கனியில் நானும் பையனும் தட்டத் தட்டக் காய்ந்த சேறு ரவை ரவையாக உதிர்ந்தது. துணியில் ஒரு தடம் இல்லை. இந்த மாதிரித் துணியைக் கட்டிவிட்டா ஒரு பிள்ளையிடம் அழுக்காக்காதே என்று ஒரு நாள் பூராவும் சொன்னேன் என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று. தாத்தாவுக்குச் சின்ன வயசு கில்ட்டைப் பற்றி இனிப்பான நினைவுகள் மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டாயக் கில்ட். மழையில் நனைந்த கம்பளி விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிடுமாம். வாசலில் கால்சட்டைப் பையன்கள் கேலி பண்ணக் காத்திருப்பார்களாம். பதினைந்து வயதில் அப்பாவிடம் சண்டை போட்டுக் கழற்றி வீசியிருக்கிறார். பட்டாளத்தில் சேர்ந்தபிறகு மறுபடி கட்டினார். "கட்டச் சொன்ன வரைக்கும் பிடிக்கவில்லை" என்றார். ராணுவத்திலும் கட்டத்தானே சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கோர்டன் குலத்தின் கட்டத்தைக் கோவில்பட்டிக்காரன் பேரன் கட்டலாமா? அவரிடமே கேட்டேன். காசு கொடுத்துத்தானே வாங்கினாய் என்றார். இந்தக் கட்டத்தை இந்தக் குலம்தான் உடுத்தலாம் என்று சட்டம் கிடையாது; பால்மோரல் கட்டம் மாதிரி அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய ஒன்றிரண்டை விட்டுவைப்பது மரியாதை. டார்ட்டன் என்கிற இந்தக் கட்டங்களுக்கு 2009 முதல் அரசாங்கமே ஒரு பதிவேடு நடத்துகிறது. ஸ்காட்லாந்தில் வாழும் சீக்கியர்களுக்கென்று ஒரு கட்டம்கூட இருக்கிறது. தமிழர்களுக்கு ஒன்று நெய்தால் மஞ்சளும் குங்குமமும் கலந்து கண் கூசுமே என்று என் கணவர் கவலைப்பட்டார்.

ஜூன் மாதம் இங்கே ஹேஸில்ஹெட் பூங்காவில் ஹைலண்ட் விளையாட்டுகள் நடக்கும். கூட்டிப்போனோம். நான் ஆயிரம் வார்த்தை பேசியிருந்தாலும் நடக்காதது அங்கே நடந்தது. ஒரு மரத்தையே நட்டுக்க நிமிர்த்தித் தூக்கி ஓடி எறிகிற ஆட்கள் எல்லாரும் கில்ட்டில் இருந்தார்கள். வியர்வை, புல், மண். ஒருவர் தடுமாறி உட்கார்ந்து, பின்னால் ஒட்டிய சேற்றைத் தட்டக்கூட இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போனார். என் மகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு மேடையில் ஹைலண்ட் நடனம். கில்ட் கட்டி ஆடியவர்களில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். "பாத்தியா, பொண்ணுங்களும் போடுறாங்க. அப்ப இது ஸ்கர்ட்தான்" என்றான். குரலில் குறை இல்லை. வித்தியாசம் என்ன என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாள். பள்ளியில் பிள்ளைகள் அவர் கவிதைகளை ஸ்காட்ஸ் மொழியில் ஒப்பிப்பார்கள், முடிந்தவர்கள் டார்ட்டன் போட்டு வருவார்கள். காலை எட்டு மணிக்கும் சூரியன் உதித்திருக்காது. இவன் தானே கில்ட்டை மாட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் வந்தவன் பேசவில்லை. ராத்திரி தூங்கப்போகும்போது சொன்னான்: இரண்டு பெரிய பையன்கள் பின்னால் வந்து கில்ட்டைத் தூக்கிப் பார்த்தார்களாம். உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று கில்ட் கட்டியவர்களைக் கேட்பது இங்கே பெரியவர்களிடமே புளித்துப்போன ஜோக். அதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிறார்கள்.

மறுநாள் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். விளையாட்டுக்குத்தான் என்றார். ஒரு பெண்பிள்ளையின் பாவாடையைத் தூக்கியிருந்தால் விளையாட்டு என்பீர்களா என்று கேட்டேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு என்னைக் கைவிடவில்லை. அவர் முகம் மாறியது. அந்தப் பையன்களைக் கூப்பிட்டுப் பேசினார், வகுப்பிலும் பேசினார். நான் வீட்டில் கறுப்பு சைக்கிள் ஷார்ட்ஸ் இரண்டு வாங்கிப் போட்டேன். எந்தப் பையனையாவது கில்ட் கட்டச் சொல்லும் அம்மா, அப்பா இதைப் படித்தால், அழகான ஸ்போரனுக்கு முன்னால் ஷார்ட்ஸை வாங்குங்கள். அதைவிட, கேலி செய்தால் கண்டுக்காதேடா என்ற வசனத்தைச் சொல்லாதீர்கள். அவன் கண்டுகொள்வான். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன், அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆறு வாரம் கில்ட் கொக்கியை விட்டு இறங்கவில்லை. நானும் கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் குச்சி கிடைத்தது, இறங்கியது.

2024 ஜூன் 14, மியூனிக்கில் யூரோ கால்பந்துக் கோப்பையின் முதல் ஆட்டம், ஸ்காட்லாந்தும் ஜெர்மனியும். கில்ட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தான். ஐந்துக்கு ஒன்று என்று உதை. கேமரா காட்டிய இடமெல்லாம் கில்ட் கட்டிய ஆண்கள், தோற்கத் தோற்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். "தோத்தாலும் கழட்ட மாட்டாங்களா?" என்று கேட்டான். மாட்டாங்கபோல என்றேன்.

அதற்கு முன், அந்த வருஷப் பொங்கல் விழாவில் எங்களை மாட்டிவிட்டவன் என் மகன்தான். வாடகை ஹாலில் இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். பையன்கள் அத்தனை பேரும் பட்டு வேட்டி. அப்பாக்கள் அத்தனை பேரும் ஜீன்ஸ். இவன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான், "அங்கே அங்கிள்ஸ்தான் கில்ட் போடுறாங்க. இங்கே ஏன் பசங்க மட்டும் வேட்டி?" குளிர் என்றார் என் கணவர். எனக்குக் குளிராதா என்றான் இவன்.

இதில் சிரிக்க ஒன்று உண்டு. 2014-ல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. ஊரே கொதித்து, அதே வருஷம் சட்டசபையில் சட்டமே வந்தது. வேட்டியைத் தடுத்தால் தண்டனை. ஸ்காட்லாந்தில் கட்டாதே என்று சட்டம், நம்மூரில் தடுக்காதே என்று சட்டம். சட்டம் கையில் இருந்தும் என் வீட்டுக்காரரின் வேட்டி கல்யாண சூட்கேஸில் அந்துருண்டையோடு கிடந்தது.

அதற்கடுத்த முறை ஊருக்குப் போனபோது பட்டு வாங்கவில்லை. பையனுக்குப் பருத்தியில், சாதாரணக் கரை போட்ட சின்ன வேட்டிகள் மூன்று. வெல்க்ரோ இல்லை. கட்டக் கற்றுக்கொடுத்தது அப்பா. அவிழ்ந்து விழுந்தது, சிரித்தான், கட்டினான், மறுபடி விழுந்தது. மடித்துக் கட்டும் வித்தை பிடிபட்டதும் தெருவில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். செம்மண் கறை இன்றைக்கும் போகவில்லை. கம்பளி மாதிரி பருத்தியில் தட்டினால் உதிராது. போகட்டும். என் கணவரும் இப்போதெல்லாம் பொங்கலுக்கு வேட்டிதான், உள்ளே தெர்மல் போட்டுக்கொண்டு. அந்த இறுக்கக் காலுடைக்கு நான்காம் ஜார்ஜ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போன வாரம் கில்ட்டின் அடியைப் பிரித்தேன். பையனுக்கு எட்டு முடியப் போகிறது. முட்டியின் நடுவில் நிற்க வேண்டிய விளிம்பு நாலு விரல் மேலே ஏறிவிட்டது. மிச்சம் இருந்த ஒன்றரை இன்ச்சையும் இறக்கி, ஓரம் பிரியாமல் மெல்லிய பட்டி கொடுத்துத் தைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி அழுத்தினேன். இப்போது மூன்று கோடு. அப்பாவுக்கு வாட்ஸாப்பில் காட்டினேன்.

"உள்ள இனித் துணி இல்லையேம்மா" என்றார்.

"ஆமாப்பா. இந்தக் குளிர்காலம் தாண்டினா பெரிசு."

"சரி. அவனுக்குப் பத்தாமப் போனதும் பிரிச்சு, பழையபடி மேல ஏத்தி மடிச்சுத் தைச்சு வச்சிரு. அடுத்தவன் சின்னப் பையனா இருப்பான்ல."

கில்ட் மடிமேல்தான் இருந்தது. சும்மா, எப்படி வரும் என்று பார்க்க, முதல் கோட்டில் விரலை வைத்து மடித்தேன். தானாகவே மடிந்துகொண்டது.